தேவாரத்தோடு சின்தசைசர்: முதல் பதிவுக்கு ஒரு வழிமுறை

கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், நமச்சிவாயப் பதிகம் பாடித் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தார் என்கிறது பெரியபுராணம். அவர் ஏறிய இடமாகக் கடலூரில் நாங்கள் காட்டுவது கரையேறவிட்ட குப்பம். முதல் பயிற்சிக்கு அந்தப் பதிகத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பண் காந்தார பஞ்சமம். இன்று கேதாரகௌளை ராகத்தில் பாடப்படுகிறது.

முதலில் குரலைப் பதியுங்கள். சுருதியாக ஆண் குரலுக்கு ஒன்றரைக் கட்டையும் பெண் குரலுக்கு ஐந்தரைக் கட்டையும் பெரும்பாலும் ஒத்துவரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தம்புராவை ஹெட்போனில் மட்டும் கேட்டபடி, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி அமர்ந்து பாடுங்கள். தாளம் காட்டும் கிளிக் ஒலி வேண்டாம். தாளமின்றிப் பாடும் விருத்தம்போல் நிறுத்திப் பாடும் இடங்களில் அது மூச்சைத் துரத்தும்.

அடுத்து சின்தசைசர். தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். என் முதல் பதிவில் ஸ, க, ப மூன்றையும் சேர்த்து, ஒரே நேரத்தில் ஒலிக்கும் கார்டாக வைத்திருந்தேன். அவரோகணத்தில், அதாவது இறங்கும் வரிசையில், குரல் காந்தாரத்தைத் (க) தொட்டபோதெல்லாம் சுருதி விலகியதுபோல் கேட்டது. விலகியது குரல் அன்று. சின்தசைசர் ஒரு ஸ்தாயியை 12 சம பங்குகளாகப் பிரிப்பதால், அதன் அந்தர காந்தாரம், தம்புராவில் இயல்பாக எழும் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் (அந்தப் பங்கு ஒன்றில் நூறில் ஒன்றே ஒரு சென்ட்) உயர்ந்து நிற்கும். பஞ்சமத்திலோ வேறுபாடு 2 சென்ட்தான். ஆகவே சின்தசைசரில் பின்னணியாக நீண்டு ஒலிக்கும் பேட் ஒலியில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் இருக்கட்டும். காந்தாரத்தைக் குரலுக்கே விட்டுவிடுங்கள். கூரிய ஒலிகளை வடிகட்டும் ஃபில்டரைத் தாழ்த்தி வைத்தால் பேட் தம்புராவுக்கு அடியில் அடங்கும்.

பிறகு வீணையோ கஞ்சிராவோ சேர்க்கலாம். வரிகளின் இடைவெளியில் மட்டும் வாசித்தால் போதும். அனுமதி பெற்றுப் பதிந்த கோயில் மணியையும் சேர்க்கலாம். ஆனால் அதன் நாதம் நம் சுருதியோடு தானாகச் சேராது என்பதால், பிட்ச்சைச் சற்றே நகர்த்திச் சேர்த்துப் பாருங்கள்.

ஐந்தெழுத்தை மட்டும் துண்டு துண்டாக வெட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப் ஆக்காதீர்கள். அது மந்திரம், முழுதாகவே ஒலிக்க வேண்டும்.

கடைசியாக, பதிவைக் கைப்பேசி ஸ்பீக்கரில் கேளுங்கள். ‘நமச்சிவாய’ ஓரிடத்தில் மங்கினாலும், குரலைக் கூட்டாமல் பேடைக் குறையுங்கள்.