டேஷ்போர்டில் பல விளக்குகள் ஒன்றாக எரிகின்றனவா? கடற்கரை வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம்

உப்புக் காற்று வீசும் ஊர்களில் கார் வைத்திருப்பவர்கள், எச்சரிக்கை விளக்குகளைப் பார்த்ததும் பாகம் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தேவிபட்டினம் முதல் சாயல்குடி வரை, வீட்டு வாசலில் திறந்தவெளியில் நிற்கும் வண்டிகளில் நான் கண்ட கோளாறுகள் பலவும் களிம்பேறிய ஒரு போல்ட்டில்தான் தொடங்கின. என் வண்டியில் அதைச் சரிசெய்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: வண்டி நலமாக இருக்கும்போதே விளக்குகளைப் பாருங்கள்

சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, என்ஜினை இயக்காமல் நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்குகள் எரியும். ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), ஏர்பேக் போன்றவை சில நொடிகளில் அணைந்துவிடும். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் என்ஜின் ஓடத் தொடங்கும் வரை எரியும். இதை ஒரு முறை கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பழைய வண்டி வாங்குபவர்கள் இந்தப் படியைத் தவறவிடவே கூடாது. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால், கோளாறு தெரியக்கூடாது என்பதற்காக அந்த விளக்கை யாரோ துண்டித்திருக்கலாம்.

இரண்டாம் படி: நிறத்தைக் கொண்டு முடிவெடுங்கள்

பச்சையும் நீலமும் வெறும் தகவல். மஞ்சள் என்றால் விரைவில் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். சிவப்பில் முக்கியமானவை நான்கு.

எண்ணெய்க் குவளை போன்ற படம் ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தைக் காட்டுகிறது. ஓடும்போது அது எரிந்தால் வண்டியை நிறுத்தி உடனே என்ஜினை அணையுங்கள். அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். சமதளத்தில் சில நிமிடங்கள் விட்டு, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியை இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

வெப்பமானி படம் சிவப்பாக எரிந்தால் ஏசியை அணைத்து, வண்டியை நிறுத்தி, என்ஜின் முழுவதும் ஆறும் வரை காத்திருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். நம் பகுதியில் இன்னொரு கவனமும் தேவை: பல ஊர்களின் நிலத்தடி நீர் உவர்ப்பானது, அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து அரிப்பு உண்டாகும். டிக்கியில் ஒரு லிட்டர் கூலண்ட் வைத்திருங்கள். அவசரத்துக்குக் கடையில் விற்கும் குடிநீர் புட்டி போதும்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி எரிந்தால், முதலில் ஹேண்ட்பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் பிரேக் பேடுகள் தேய்ந்திருக்கலாம் அல்லது கசிவு இருக்கலாம். மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் ஓட்ட வேண்டாம். பேட்டரி விளக்கை அடுத்த படியில் விரிவாகப் பார்ப்போம்.

இராமேசுவரம் செல்பவர்கள் சிவப்பு விளக்கைப் பார்த்தால் பாலத்துக்கு முன்னுள்ள மண்டபம் ஊரிலேயே நின்றுவிடுங்கள். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கி.மீ.க்கு மேல் நீளமுள்ள இருவழிப் பாலம். அதன் நடுவில் நின்றால் உங்களுக்கும் பின்னால் வருபவர்களுக்கும் ஆபத்து. அதுபோலவே, தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை செல்லும் சாலையில் பெட்ரோல் பங்கோ மெக்கானிக் கடையோ கிடையாது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, அவசரநிலைக்கு 112.

மூன்றாம் படி: பல விளக்குகள் ஒன்றாக எரிந்தால்

என் வண்டியில் மழை இரவொன்றில் ஹெட்லைட், வைப்பர், ஏசி மூன்றும் ஓடிக்கொண்டிருந்தபோது பேட்டரி விளக்கு மினுக்கியது. உடனே ஏபிஎஸ் விளக்கும் ஸ்டியரிங் விளக்கும் எரிந்தன. காலையில் எதுவும் எரியவில்லை. ஒரு பட்டறையில் ஏபிஎஸ் சென்சாரை மாற்றச் சொன்னார்கள், இன்னொன்றில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை. இரண்டுமே நல்ல நிலையில் இருந்தன. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து உடற்பகுதிக்கும் என்ஜினுக்கும் செல்லும் எர்த் ஒயரின் வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மின்தடை கூடியதால், சுமை ஏறும்போதெல்லாம் கட்டுப்பாட்டு அலகுகளுக்குச் செல்லும் மின்னழுத்தம் சரிந்தது. ஏபிஎஸ்ஸும் மின் ஸ்டியரிங்கும் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டு விளக்கை எரித்தன.

இதைக் கண்டுபிடிக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றே போதும். வண்டியின் கணினியில் பதிந்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை வாங்குவதற்கு முன் இதைத்தான் வாங்குங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். அதன் குமிழை நேர் மின்னோட்டத்தில் (DC) 20 வோல்ட்டுக்கு வைத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் அளவெடுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது; 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். சில புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டரைக் கணினி இயக்குவதால் இந்த எண் ஏறி இறங்கும். அதைக் கோளாறாகக் கொள்ள வேண்டாம்.

இந்த இரண்டு அளவுகளும் சரியாக இருந்தும் விளக்குகள் எரிந்தால் எர்த்தைச் சோதியுங்கள். என்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டையும் ஏசி காற்றையும் முழுமையாக வையுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தண்டின் மீதே வையுங்கள். அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மீது வைக்காதீர்கள், ஏனெனில் தண்டுக்கும் கிளாம்புக்கும் இடையிலேயே களிம்பு இருக்கக்கூடும். சிவப்பு முனையை என்ஜினின் வெற்று உலோகத்தில் வையுங்கள். கூட்டலா கழித்தலா என்று பார்க்க வேண்டாம், எண் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பு கெட்டிருக்கிறது. பிறகு சிவப்பு முனையை உடற்பகுதியில் வைத்து மறுபடியும் பாருங்கள். பெயிண்டின் மீதோ, ஆக்சைடு படிந்த அலுமினியத்தின் மீதோ முனையை வைத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். பெயிண்ட் படாத போல்ட் தலையைத் தேடிச் சற்றே சுரண்டிவிட்டு அழுத்திப் பிடியுங்கள். துண்டு, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் ஃபேன் பெல்ட்டின் அருகில் செல்லக்கூடாது.

சுத்தம் செய்யும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர் போதும். ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பேட்டரி முனைகளில் படிந்த வெள்ளைப் பூப்பைத் தேய்த்துக் கழுவலாம். அந்தக் கரைசல் பேட்டரிக்குள் இறங்கக்கூடாது. எர்த் வளையத்தையும் அது அமரும் இடத்தையும் உப்புத்தாள் கொண்டு உலோகம் பளிச்சிடும் வரை தேயுங்கள். இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இறுக்குவதற்கு முன் தடவுவதை நான் விரும்புவதில்லை. வெளியே நன்றாகத் தெரியும் ஒயர்கூட உறைக்குள் அரித்துப் போயிருக்கலாம். வளைத்துப் பார்த்தால் நொறுங்கும் ஓசை கேட்குமானால் ஒயரையே மாற்றிவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் ஏபிஎஸ் அல்லது ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் அஞ்ச வேண்டாம். பல வண்டிகளில் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பிச் சிறிது தூரம் ஓட்டினால் அணைந்துவிடும்.

நான்காம் படி: மஞ்சள் என்ஜின் விளக்கு

அது நிலையாக எரிந்து, வண்டியும் இயல்பாக ஓடினால், நிதானமாகப் பட்டறைக்குச் செல்லலாம். மினுக்கினால் ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத எரிபொருள் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும் என்பதால் வேகத்தைக் குறைத்து விரைவில் நிறுத்துங்கள்.

ஸ்கேனர் வாங்கினால், என்ஜினுக்குரிய, பி என்று தொடங்கும் குறியீடுகளோடு ஏபிஎஸ்ஸுக்குரிய சி குறியீடுகளையும் படிப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவானவை பெரும்பாலும் பி குறியீடுகளோடு நின்றுவிடும். குறியீட்டை எழுதிக்கொள்ளாமல் அழிக்காதீர்கள். கட்டுப்பாட்டு அலகுகளுக்கு இடையே தொடர்பு அறுந்ததைக் காட்டும், யு என்று தொடங்கும் குறியீடுகள் பல ஒன்றாக வந்தால், மறுபடியும் மூன்றாம் படிக்கே செல்லுங்கள்.

பின்சேர்க்கை 1: எர்த்தைச் சுத்தம் செய்தும் பேட்டரி விளக்கு அணையவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். என்ஜின் ஓடும்போதும் 12 வோல்ட் அளவிலேயே நின்றால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ பார்க்க வேண்டும். பல என்ஜின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. ஆகவே பேட்டரி விளக்கோடு வெப்பமும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும், ஓட்டக்கூடாது.

பின்சேர்க்கை 2: தனுஷ்கோடி சென்று வந்த பின் ஏபிஎஸ் விளக்கு மட்டும் தனியாக எரிவதாகச் சிலர் கேட்டிருந்தார்கள். தனியாக எரிந்தால் சக்கரத்தின் அருகிலுள்ள சென்சாரையும் அதன் இணைப்பையும் பாருங்கள். மணலும் உப்புநீரும் அங்கேதான் சேர்கின்றன. சாதாரண பிரேக் வேலை செய்யும், அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். ஊர் திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். என்ஜின் அறைக்குள் மட்டும் அழுத்த நீரைப் பாய்ச்ச வேண்டாம்.

பின்சேர்க்கை 3: டயர் அழுத்த விளக்கு, காற்று நிரப்பிய சில நாளில் மீண்டும் எரிந்தால், சீமைக்கருவேல முள் உள்ளே ஒடிந்து நிற்கிறதா என்று பஞ்சர் கடையில் டயரைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். முள் சிறிதாக இருந்தால் மேலிருந்து பார்க்கும்போது தெரியாது.