எந்த உப்பு, எவ்வளவு நீர்? நடுநிலையாக்கல் வினையின் விளைபொருள்களைக் கண்டுபிடிக்கும் முறை

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். எந்த உப்பு, எத்தனை மூலக்கூறு நீர் என்று கேட்டால்தான் தடுமாற்றம்.

அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை (அயனி என்பது மின்சுமை கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம்) கழற்றுங்கள். எஞ்சுவது எதிர்மின் அயனி. எத்தனை ஹைட்ரஜன் கழன்றதோ, அத்தனை எதிர்மின்சுமை அதற்கு உண்டு. காரத்திலிருந்து ஹைட்ராக்சைடை (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த அயனி) கழற்றினால் எஞ்சுவது நேர்மின் அயனி. அதன் மின்சுமையும் இதே கணக்குதான். கழன்றவை இரண்டும் சேர்ந்து நீராகும், எஞ்சியவை சேர்ந்து உப்பாகும்.

சல்பியூரிக் அமிலத்தையும் அலுமினியம் ஹைட்ராக்சைடையும் எடுத்துக்கொள்வோம். அமிலத்தில் எஞ்சும் சல்பேட்டின் எதிர்மின்சுமை 2, காரத்தில் எஞ்சும் அலுமினியத்தின் நேர்மின்சுமை 3. இரண்டுக்கும் பொதுவான மிகச்சிறிய மடங்கு 6. ஆகவே 2 அலுமினியத்துக்கு 3 சல்பேட். உப்பு அலுமினியம் சல்பேட். இதற்கு 3 மூலக்கூறு அமிலமும் 2 பங்கு காரமும் வேண்டும். 6 ஹைட்ரஜன், 6 ஹைட்ராக்சைடு, 6 நீர். இந்த மூன்று எண்களும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

பெரும்பாலும் பிழை நேர்வது இங்கேதான்: சமன்பாடு சமனாகவில்லை என்றதும் உப்பின் வாய்ப்பாட்டுக்குள் கை வைத்துவிடுகிறார்கள். வாய்ப்பாட்டை மின்சுமை முடிவு செய்துவிட்டது. இனி முன்னால் போடும் எண்ணை மட்டுமே மாற்றலாம். சல்பேட்டையும் நைட்ரேட்டையும் உடைக்காமல் ஒரே அலகாக எண்ணுங்கள். அசெட்டிக் அமிலத்தில் 4 ஹைட்ரஜன் இருந்தாலும் அமிலமாகச் செயல்படுவது ஆக்சிஜனோடு இணைந்த 1 மட்டுமே.

ஹைட்ராக்சைடு இல்லாத காரங்களும் உண்டு. காப்பர் ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் 2 ஹைட்ரஜனை எடுத்து 1 நீராகும். கார்பனேட் என்றால் நீரோடு கார்பன் டைஆக்சைடும் வெளியேறும். அம்மோனியா வாயு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவோடு சேரும்போது நீரே உண்டாகாது. அம்மோனியம் குளோரைடு மட்டும் வெண்புகையாகத் தெரியும்.

அளவையும் பார்க்க வேண்டும். 1 மோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் வேதியியல் அலகு) சல்பியூரிக் அமிலத்துக்கு 2 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் சோடியம் சல்பேட்டும் 2 மோல் நீரும் கிடைக்கும். 1 மோல் மட்டும் சேர்த்தால் ஒரு ஹைட்ரஜன் அப்படியே தங்கி, சோடியம் ஹைட்ரஜன் சல்பேட் உருவாகும். அந்தக் கரைசல் இன்னும் அமிலத்தன்மையோடு இருப்பதால் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும்.