ரீல்ஸ் பார்த்து ஆங்கிலம்: எல்லாம் புரிகிறது, பேசத்தான் வரவில்லை

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எங்கே ஆங்கிலம் கற்கிறீர்கள் என்று கேட்டால் யூடியூப், இன்ஸ்டாகிராம் என்கிறார்கள். காசு செலவில்லை, பஸ்ஸில் நின்றுகொண்டே பார்க்கலாம், தப்பாகச் சொன்னால் வகுப்பு சிரிக்காது. அவர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் ஆங்கிலம் கற்கிறேன் என்று நான் ரேடியோவை வைத்துக்கொண்டு அடித்த அதே கூத்தை இவர்கள் போனில் அடிக்கிறார்கள். எழுத்துப்பிழை மாதிரியான சில்லறைத் தவறுகளை விடுங்கள், போகப்போகச் சரியாகிவிடும். நான் சொல்ல வருவது கீழே உள்ள பெரிய தவறுகளை.

பார்த்துக்கொண்டே இருப்பது

"சார், எல்லாம் புரியுது, பேசத்தான் வரல." வருடா வருடம் கேட்கிறேன், இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. இறுதியாண்டு மாணவி ஒருவர் தான் ஸேவ் செய்த ரீல்களைக் காட்டினார். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. சரி, உங்கள் ப்ராஜெக்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். மனப்பாடம் செய்த முதல் வாக்கியம் வந்தது, அடுத்தது வரவில்லை. தமிழில் கேட்டால் கடகடவென்று சொல்கிறார். அவர் ஆசைப்பட்ட கம்பெனி குரூப் டிஸ்கஷன் சுற்றோடு கைநழுவிப் போனது.

பார்க்கும்போது படமும் சைகையும் பாதி அர்த்தத்தைக் கொடுத்துவிடும். பேசும்போது எந்தத் துணையும் கிடையாது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும், அதுவரை யோசிக்க நேரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் முடிந்ததுமே வினை வந்தாக வேண்டும், அதுவும் சரியான காலத்தில். வாயைத் திறக்காமல் இந்தப் பழக்கம் வராது.

பிபிசி லேர்னிங் இங்கிலிஷின் '6 மினிட் இங்கிலிஷ்' ஆடியோ நிகழ்ச்சி போல ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் கேட்டு நிறுத்துங்கள். கேட்டதைச் சொந்த வாக்கியத்தில் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாகப் பேசி ஒரே ஒரு நண்பருக்கு அனுப்புங்கள். வகுப்பு குரூப்பில் போட்டால் "பீட்டர் விடுறான்" என்பார்கள், அதோடு உங்கள் பயிற்சி முடிந்தது. மறுநாள் அதையே போட்டுக் கேளுங்கள், எங்கே திக்கினீர்கள் என்று தெரியும். அழகாக வரும்வரை அழித்து அழித்துப் பேசுகிறவர்களும் உண்டு. இன்டர்வியூவில் அந்த வசதி இல்லை.

தமிழ் சப்டைட்டில்

கண் படிக்கும், காது தூங்கும். ஆங்கில சப்டைட்டில் போடுங்கள். வேகமாக இருந்தால் யூடியூபில் வேகத்தை 0.75 ஆக வைத்துக் கேட்கலாம்.

அமெரிக்க உச்சரிப்பு

வேண்டாம். எதிரில் இருப்பவருக்குப் புரிந்தால் போதும்.

கமெண்ட் ஆங்கிலம்

அங்கேயே இருக்கட்டும். ஹெச்ஆருக்கு அனுப்பும் மெயிலிலும் 'யூ' ஒற்றை எழுத்தாக நிற்பதைப் பார்க்கிறேன்.

ஒரே மாதத்தில் சரளம்

இப்படிச் சொல்லும் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆவேன் என்றால், "ஒரு வகுப்பில் மாணவனான நான் எத்தனை நிமிடம் பேசுவேன்?" என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஆசிரியர் எத்தனை மணி நேரம் பேசுவார் என்ற கணக்குதான் பதிலாக வரும்.