கம்போஸ்ட் டீ: நம்ம ஊர் வெயிலுக்குத் தகுந்த மாதிரி போடுவது எப்படி

மக்கு உரம் மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர்களுக்குக் கம்போஸ்ட் டீ, அதாவது மக்கு உரத்தைத் தண்ணீரில் போட்டு எடுக்கிற கரைசல், தேவையே இல்லை. செடியின் அடியில் இரண்டு கை அள்ளிப் போட்டு, மேல் மண்ணைக் கிளறிவிட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், அதற்கு மேல் எந்த வித்தையும் வேண்டாம். கம்போஸ்ட் டீ யாருக்கு என்றால், சமையலறைக் கழிவில் மாதத்துக்கு ஒரு வாளி உரம்தான் தேறுகிறது, ஆனால் மொட்டைமாடியில் நாற்பது ஐம்பது செடிப் பை இருக்கிறது, எதற்குப் போடுவது எதை விடுவது என்று முழிக்கிறவர்களுக்கு. ஒரு கிலோ உரத்தை ஐம்பது பைக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 20 கிராம், கண்ணுக்கே தெரியாது. அதே ஒரு கிலோவைத் தண்ணீரில் போட்டு, காற்று கொடுத்து, அதில் இருக்கும் நுண்ணுயிரிகளைப் பெருக்கி ஊற்றினால் எல்லாப் பைக்கும் கொஞ்சம் உயிர் போய்ச் சேரும். அவ்வளவுதான் இதன் கணக்கு.

இதில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் ரொம்பக் குறைவு. இலை வெளுத்துப்போய் நிற்கிற கத்தரிக்கு இதை வாரா வாரம் ஊற்றினாலும் பச்சை திரும்பாது, அதற்குக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றுங்கள். மாவுப்பூச்சி சாகாது. நோய் வராமல் தடுக்கும் என்று சொல்வதிலும் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி வந்ததில்லை: ஒரு இடத்தில் கேட்டிருக்கிறது, இன்னொரு இடத்தில் வெறும் தண்ணீர் ஊற்றியதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. வீடியோவில் ஒருவர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி 'பத்தே நாளில் காய் கொத்துக் கொத்தாக' என்றால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். என் கணிப்பில் இது நன்றாகப் பயன்படும் இடம் தேங்காய் நார்க்கழிவை அதிகமாகக் கலந்து நிரப்பிய பைகள், ஏனென்றால் வயல் மண்ணில் இருக்கிற அளவுக்கு அதில் ஜீவன் கிடையாது.

நமக்கு இது புதுசும் இல்லை. ஜீவாமிர்தம், அமிர்தக் கரைசல் எல்லாம் இதே யோசனையில் பிறந்தவைதான், தண்ணீரில் நுண்ணுயிரியைப் போட்டு இனிப்பைக் கொடுத்துப் பெருக்குவது. ஆனால் அவற்றுக்குப் பச்சைச் சாணமும் கோமியமும் வேண்டும், மூன்றாவது மாடி அடுக்ககத்தில் அதைக் கலக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். கம்போஸ்ட் டீயில் சாணத்துக்குப் பதில் நன்றாக மக்கி முடிந்த உரம், கூடவே நிற்காமல் காற்று. இந்தக் காற்றுதான் வாடை வராமல் காப்பாற்றுவது.

காற்றுக்கு மீன் தொட்டிக்குப் போடும் ஏர் பம்ப் போதும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர் வண்ண மீன் கடைகள், மற்ற ஊர்களில் எந்த மீன் தொட்டிக் கடையிலும் கிடைக்கும். இரண்டு குழாய் வருகிற மாதிரி வாங்குங்கள், ஒற்றைக் குழாய் பம்ப் 20 லிட்டர் வாளிக்குப் போதாது. இரண்டு ஏர் ஸ்டோன் (டியூப் முனையில் மாட்டுகிற, காற்றைப் பொடிக் குமிழியாக்கும் துளைக்கல்), இரண்டு மீட்டர் டியூப், அதோடு 'நான் ரிட்டர்ன் வால்வு' என்று கேட்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், பொடிசாக இருக்கும், விலையும் சொற்பம். அது எதற்கென்றால், பம்ப் வாளியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது கரண்ட் போனால், வாளித் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி பம்புக்குள் இறங்கிவிடும், திரும்பக் கரண்ட் வரும்போது பம்ப் போயிருக்கும். வால்வு கிடைக்கவில்லையா, பம்பை வாளியைவிட உயரத்தில் ஒரு ஸ்டூல் மேல் வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. வாளி பெயின்ட் வாளியாக இருக்கலாம், ஆனால் உள்ளே பெயின்ட் வாடை துளியும் இருக்கக்கூடாது.

அடுத்தது தண்ணீர். மழைத்தண்ணீர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும், கிருமியைக் கொல்லத்தான் அதைப் போடுகிறார்கள், நாம் கிருமி வளர்க்க உட்கார்ந்திருக்கிறோம். ஒரு நாள் முழுக்க வாயகன்ற வாளியில் திறந்து வையுங்கள், அல்லது உரம் போடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரில் ஒரு மணி இரண்டு மணி நேரம் பம்பை ஓடவிடுங்கள், வாடை போய்விடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேறு தொல்லை: குளோரின் மாதிரி உப்பு பறந்து போகாது. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிகிற தண்ணீரை வைத்து ஏற்கெனவே பைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தால், இதற்காவது கேன் தண்ணீரோ மழைத்தண்ணீரோ கலந்துகொள்வது நல்லது. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

உரத்தைப் பற்றி ஒரே ஒரு விதி, போடுகிற உரத்தைவிட டீ நல்லதாக இருக்க முடியாது. கையில் எடுத்தால் எதிலிருந்து வந்தது என்று அடையாளம் தெரியக்கூடாது, முட்டை ஓடும் மாங்கொட்டையும் தவிர. முகர்ந்து பார்த்தால் முதல் மழை விழுந்த மண் வாசம் வர வேண்டும். லேசாகப் புளிப்போ, அம்மோனியா மாதிரி மூக்கில் ஏறுவதோ இருந்தால் இன்னும் வேகவில்லை, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். மண்புழு உரம் இருந்தால் அதையே எடுங்கள், நான் பெரும்பாலும் அதைத்தான் போடுகிறேன், பாதி மண்புழு உரம், பாதி இலைமக்கு. கடையில் வாங்கினால் பாக்கெட்டைத் திறந்து பாருங்கள், தூசி பறக்கும் அளவுக்குக் காய்ந்து கிடப்பதில் பெரிதாக உயிர் மிச்சம் இருக்காது. பச்சைச் சாணம், கோழி எரு இரண்டையும் இதில் சேர்க்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

15 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ உரம். அதைப் பழைய கொசுவலைத் துணியை இரண்டாக மடித்துத் தைத்த பையிலோ, பழைய பருத்தித் துணியிலோ தளர்வாகக் கட்டி உள்ளே தொங்கவிடலாம். இறுக்கிக் கட்டினால் நடுவில் இருப்பது நனையக்கூட நனையாது. அப்படியே கொட்டிவிட்டு கடைசியில் வடிகட்டுவதும் சரிதான், எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் அடியில் தங்குவதை அவ்வப்போது ஒரு குச்சியால் கலக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அடியில் காற்று போகாமல் அழுக ஆரம்பிக்கும்.

இப்போது இனிப்பு. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டருக்கு 2 கிலோ வெல்லம், அதாவது லிட்டருக்கு 10 கிராம், அந்தக் கை அளவு பழகிவிட்டதால் இந்த வாளியிலும் ஒரு பெரிய கட்டி வெல்லத்தைப் போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாம். நாட்டுச் சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, அதுவும் தலை தட்டி, அதற்கு மேல் போகக்கூடாது. இணையத்தில் கிடைக்கிற அமெரிக்க, ஐரோப்பியக் குறிப்புகளையும் அப்படியே எடுக்காதீர்கள். அவர்கள் 20 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரால் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்க முடியும், 30 டிகிரியில் ஏழரை, 35 டிகிரியில் 7. பம்ப் எவ்வளவு ஊதினாலும் இந்த வரம்பைத் தாண்டாது. அதே சமயம் சூடு ஏற ஏற நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகும், பெருகப் பெருக ஆக்சிஜனைத் தின்னும். ஆக நமக்கு இரண்டு பக்கமும் அடி, வரவு குறைவு, செலவு அதிகம். அந்த நேரத்தில் இனிப்பையும் அள்ளிக் கொட்டினால் ஒரே ராத்திரியில் ஆக்சிஜன் தீர்ந்து, காற்று வேண்டாத கிருமிகள் கையோங்கி, காலையில் வாளிப் பக்கம் போக முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் நான் இனிப்பே போடாமல் விட்டுவிடுவது உண்டு, உரத்தில் இருக்கிற உணவே அதற்குப் போதும்.

நேரமும் அதே கணக்குதான். மார்கழி, தை மாதங்களில் மாலை ஆறு மணிக்குப் போட்டு மறுநாள் மாலை எடுக்கலாம். கோடையில் ராத்திரி பத்து மணிக்குப் போட்டு மறுநாள் மாலை ஐந்து மணிக்கெல்லாம் முடித்துவிடுங்கள். மொட்டைமாடியிலேயே வைக்காமல் மாடிப்படி நிழலிலோ குளியலறை மூலையிலோ வையுங்கள், வாளியைச் சுற்றி ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டால் இன்னும் நல்லது.

கரண்ட் போனால்? அரை மணி, ஒரு மணி நேரம் என்றால் பெரிய சேதம் இல்லை, ஒரு சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் சமாளிக்கலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தி சாயங்காலம் கொடுப்பார்கள் பாருங்கள், அந்த நாளை முன்கூட்டியே பார்த்துவிட்டு வேறு நாளில் போடுங்கள்.

தயாரானதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், மூக்கு போதும். உரத்தில் வந்த அதே மண் வாசம், போட்ட இனிப்பின் வாடை சுத்தமாகப் போயிருக்க வேண்டும். இன்னும் இனிப்பு வாடை அடித்தால் கொஞ்சம் பொறுங்கள். அழுகிய முட்டை, சாக்கடை, புளித்த கள், இதில் எது வந்தாலும் கெட்டுவிட்டது, செடிக்கு ஊற்றாமல் உரக்குழியிலேயே கொட்டிவிடுங்கள், 'கொஞ்சம் தண்ணீர் கலந்தால் சரியாகிவிடும்' என்கிற ஆசை வேண்டாம். மேலே நுரை வருவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மண்புழு உரத்தில் நுரை தள்ளும், இலைமக்கில் வராமலே போகும், இரண்டுமே நல்ல டீயாக இருக்கலாம். வாளியைத் தாண்டி வழிந்தால் இரண்டு சொட்டு சமையல் எண்ணெய் விடுங்கள், அடங்கிவிடும்.

பம்பை நிறுத்தியதும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். உள்ளே லட்சோப லட்சம் உயிர்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன, காற்று நின்றுவிட்டது, அதனால் நான்கு மணி நேரத்துக்குள் ஊற்றித் தீர்த்துவிட வேண்டும். பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைப்பது, மூடி போட்டு அடுத்த வாரத்துக்கு எடுத்து வைப்பது, இரண்டும் வீண். வேருக்கு ஊற்ற ஒரு பங்கு டீக்கு நான்கு பங்கு தண்ணீர், பை ஒன்றுக்கு அரை லிட்டர், மண் ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது. கலக்கிற தண்ணீரும் குளோரின் போனதாக இருக்கட்டும், அதை மறந்துவிட்டு நேரே குழாயைத் திறந்து கலக்குபவர்கள் நிறைய. இலைக்குத் தெளிப்பதென்றால் இன்னொரு முறை மெல்லிய துணியில் வடிகட்டி, பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி அடியுங்கள். பூச்சிமருந்து அடித்த ஸ்பிரேயர் வேண்டாம், வேப்பெண்ணெயையும் இதோடு சேர்க்க வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும், நாற்றைப் பிடுங்கி நட்ட மறுவாரம் ஒரு தடவை, பூ எடுக்கும் முன் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டாலும் சரி. அடை மழைக்காலத்தில் விட்டுவிடுங்கள், ஊற்றுவதெல்லாம் பையின் ஓட்டை வழியாக வெளியே போய்விடும்.

அப்புறம், பச்சைச் சாணம் வேண்டாம் என்றேனே, அது இதற்குத்தான். நல்ல நுண்ணுயிரிகளை வளர்க்கிற அதே சூழல், உரத்தில் கெட்டது கொஞ்சம் இருந்தால் அதையும் வளர்க்கும். சர்க்கரைப் பாகு மாதிரியான சேர்மானங்கள் போட்ட கம்போஸ்ட் டீயில் வயிற்றைக் கெடுக்கிற இ.கோலை, சால்மோனெல்லா கிருமிகள் பெருகக்கூடும் என்று அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது, எதுவும் சேர்க்காத டீயில் அந்தப் பிரச்சினை வெகுவாகக் குறைவு. இனிப்பைக் குறைக்க இது இன்னொரு காரணம். ஆகவே பச்சையாகச் சாப்பிடுகிற எதன் மீதும், அதாவது கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, சாலட்டுக்கு வைத்த தக்காளி, தெளிக்கவே வேண்டாம், வேருக்கு மட்டும் ஊற்றுங்கள். கீரைக்கு விதை போடுவதற்கு முன்னால் மண்ணில் ஊற்றி முடித்துவிடலாம், வளர்ந்த பிறகு தேவையில்லை. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

பம்ப் எல்லாம் வாங்க முடியாது, அல்லது இவ்வளவு தொல்லை எதற்கு என்று தோன்றினால் ஒரு நேர்வழி இருக்கிறது, உண்மையில் பாதிப் பேருக்கு இதுவே போதும். ஒரு வாளியில் ஒரு பங்கு உரம், பத்துப் பங்கு தண்ணீர், இனிப்பு கிடையாது. கையாலோ துடைப்பக் கட்டையாலோ கால் மணி நேரம் நன்றாகச் சுழற்றிக் கலக்குங்கள், உரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிரிகள் பிரிந்து தண்ணீருக்கு வரும், தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறும். வடிகட்டி அப்போதே ஊற்றிவிடுங்கள். பெருக்குவது இல்லை, அதனால் கெட்டுப்போவதும் இல்லை. ஒரு வாரம் ஊறவைத்து தினம் ஒரு முறை கிண்டுகிற பழைய முறையைவிட, நம் வெயிலில் இது எவ்வளவோ மேல்.

பம்ப் வைத்துச் செய்தவர்கள் கடைசி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். வாளி, டியூப், ஏர் ஸ்டோன் எல்லாவற்றிலும் வழவழவென்று ஒரு படலம் பிடித்திருக்கும், அது காய்ந்துவிட்டால் ஏர் ஸ்டோனின் துளை அடைபட்டு அடுத்த முறை பாதிக் காற்றுதான் வரும். அன்றைக்கே பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, ஸ்டோனை வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வெயிலில் காய வையுங்கள். துணியில் மிஞ்சிய சக்கையை மண்புழுத் தொட்டியிலேயே திரும்பப் போட்டுவிடலாம்.