பழைய ஃபைபர் படகு வாங்குகிறீர்களா? முதலில் தட்டிப் பாருங்கள்

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றில் பழையவை இப்போது கைமாறி வருகின்றன. விலை குறைவு என்று உடனே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

புதிதாகப் பெயின்ட் அடித்த படகைவிடப் பெயின்ட் உரிந்த படகையே நான் விரும்புவேன். அதில் விரிசல், ஒட்டு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். படகைக் கரையேற்றிக் காயவைத்துப் பாருங்கள். சுத்தியலின் மரக் கைப்பிடியால் அடிப்பகுதி முழுக்க மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்கும் இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கலாம், அல்லது உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

அதிகக் கவனம் தேவைப்படுவது எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குத்தான். பல படகுகளில் ஃபைபருக்குள் மரப்பலகையோ பிளைவுட்டோ இருக்கும். போல்ட் துளை வழியே தண்ணீர் புகுந்தால், வெளியே எதுவும் தெரியாமலே உள்ளே மரம் உளுத்துவிடும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தாலோ, போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்தாலோ, பலகையையே மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

வாங்கிய படகில் பழுது பார்க்கும்போது, ஈரம் காயாமல் மேலே ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஃபைபர் பாயும் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டினால் பிடிக்காது. பழைய பெயின்டைத் தேய்த்தெடுத்து, நன்றாக உலர்த்திய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அப்புறம், படகில் எழுதிய பதிவு எண் மீன்வளத் துறைச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பெயர் மாற்றத்துக்கு விற்பவரையும் அழைத்துப் போங்கள்.