அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கைப்பந்து: 64 அணிகளை முன்கூட்டியே கணிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பந்து அணிகள் ஆடுகின்றன. ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடங்கும். நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து வரும் ஞாயிறன்று, தேசிய சாம்பியன் பட்டத்துக்கான போட்டித்தொடரில் ஆடப்போகும் 64 அணிகளின் பட்டியலைத் தேர்வுக்குழு வெளியிடும். இந்தியாவில் அப்போது பெரும்பாலும் திங்கள் அதிகாலை. 2023-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆட்டத்தைப் பார்க்க ஒரே அரங்கில் 92,003 பேர் கூடிய விளையாட்டு இது. கடைசி இடங்கள் யாருக்கு என்ற விவாதத்திலும் அதே சூடு இருக்கும்.

இந்தப் பட்டியலைக் கணிக்க ஒரு கணினி விரிதாளும் வாரத்துக்கு ஓரிரு மணி நேரமும் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் கணிக்க வேண்டியது எது சிறந்த அணி என்பதை அல்ல, குழு எந்த அணியை எடுக்கும் என்பதை. தொடக்கநிலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

படி 1: இடங்களை எண்ணுங்கள்

64 அணிகள் என்ற அளவு 1998 முதல் இருக்கிறது. கோவிட் காரணமாக 2021 வசந்தத்துக்குத் தள்ளிப்போன 2020 சீசனில் மட்டும் 48 அணிகள். இந்த 64-இல் ஏறக்குறைய பாதி, கான்பரன்ஸ் (பல கல்லூரிகள் சேர்ந்து தமக்குள் ஆடும் லீக்) சாம்பியன்களுக்கு நேரடியாகப் போய்விடும். மீதியைக் குழு தானே தேர்ந்தெடுக்கும். அவற்றுக்கு அட்-லார்ஜ் இடங்கள் என்று பெயர்.

2024-இல் நேரடி இடங்கள் 31, அட்-லார்ஜ் 33. அந்த ஆண்டில்தான் பசிபிக்-12 கான்பரன்ஸ் கலைந்து, யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி., ஓரிகன், வாஷிங்டன் ஆகியவை பிக் டென்னுக்கும், ஸ்டான்போர்டு ஏ.சி.சி.க்கும் போயின. கான்பரன்ஸ்கள் இப்படி இடம் மாறும்போதெல்லாம் இந்தக் கணக்கும் மாறும். எனவே போன வருட எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எண்ணுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கான்பரன்ஸும் சாம்பியனை எப்படி முடிவு செய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தால் போதும். பலவற்றில் கடைசி வாரம் தனியாக ஒரு போட்டித்தொடர் நடக்கும், அதை வெல்லும் அணிக்கே இடம். கீழ் டிவிஷனிலிருந்து புதிதாக மேலே வந்து, மாறுதல் காலம் முடியாத கல்லூரிகளுக்கு 64 அணிகளின் தேசியப் போட்டித்தொடரில் ஆடத் தகுதி கிடையாது. அப்படிப்பட்ட அணி லீக்கில் முன்னிலை வகித்தால் அதை உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

படி 2: விரிதாளைத் தயார் செய்யுங்கள்

வரிசைக்கு ஓர் அணி. 80 அணிகள் வரை போதும். நெடுவரிசைகள் இவை: கான்பரன்ஸ், மொத்த வெற்றி–தோல்வி, ஆர்.பி.ஐ. வரிசை (அணியின் வெற்றி விகிதத்தையும் எதிரணிகளின் பலத்தையும் சேர்த்துப் போடும் எண்ணின்படி கிடைக்கும் இடம்), அந்த வரிசையில் முதல் 25 அணிகளுடன் ஆடிய கணக்கு, 26 முதல் 50 வரையுள்ள அணிகளுடன் ஆடிய கணக்கு, 100-ஆம் இடத்துக்குக் கீழே உள்ள அணிகளிடம் வாங்கிய தோல்விகள், கான்பரன்ஸுக்கு வெளியே ஆடிய கணக்கு, கடைசி 10 ஆட்டங்கள். ஆர்.பி.ஐ. பட்டியலை என்.சி.ஏ.ஏ. தன் தளத்திலேயே சீசன் நடுவிலிருந்து வெளியிடும்.

டிவிஷன் ஒன்று அணிகளோடு ஆடியவற்றை மட்டும் ஏற்றுங்கள். கீழ் டிவிஷன் அணியை வென்ற ஆட்டம் ஆர்.பி.ஐ. கணக்கில் வராது. அட்-லார்ஜ் இடத்துக்கு வெற்றிகள் தோல்விகளைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். பெரிய கான்பரன்ஸில் 13–15 என்று நிற்கும் அணி எவ்வளவு பெரிய அணிகளைச் சாய்த்திருந்தாலும் அதை விட்டுவிடலாம்.

பயிற்சியாளர் சங்கம் வாராவாரம் வெளியிடும் முதல் 25 தரவரிசைக்கு விரிதாளில் நெடுவரிசையே வேண்டாம். குழுவின் அளவுகோல்களில் அது இல்லை. அங்கே 20-ஆம் இடத்தில் இருப்பதாலேயே ஓர் அணிக்கு இடம் உறுதி என்று நினைப்பது புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு.

படி 3: ஆர்.பி.ஐ.யைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

அடிப்படைச் சூத்திரம் எளியது. அணியின் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம், அந்த எதிரணிகள் ஆடிய அணிகளின் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம். எதிரணியின் விகிதத்தைக் கணக்கிடும்போது, அது உங்கள் அணியோடு ஆடிய ஆட்டத்தைக் கழித்துவிட வேண்டும்.

கற்பனையாக இரண்டு அணிகள். முதல் அணி 20–10, அதாவது 0.667. எதிரணிகள் 0.580, எதிரணிகளின் எதிரணிகள் 0.530. கணக்கு: 0.1667 + 0.2900 + 0.1325 = 0.5892. இரண்டாம் அணி 27–3, அதாவது 0.900. எதிரணிகள் 0.440, அவற்றின் எதிரணிகள் 0.480. கணக்கு: 0.2250 + 0.2200 + 0.1200 = 0.5650. மூன்றே தோல்வி கண்ட அணி, பத்துத் தோல்வி கண்ட அணிக்குக் கீழே போய்விட்டது. எண்ணில் முக்கால் பங்கு மற்றவர்கள் ஆடும் ஆட்டத்தில் தீர்மானமாகிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிளைக்கின்றன. ஒன்று, 3–0 வெற்றியும் ஐந்தாம் செட்டில் 15–13 என்று தப்பிய வெற்றியும் இங்கே ஒன்றுதான். இரண்டு, மிகப் பலவீனமான அணியை வென்றாலும் அடிப்படை எண் இறங்கக்கூடும், ஏனென்றால் எதிரணிகளின் சராசரி விழுகிறது. பெரிய கான்பரன்ஸின் அடிமட்டத்தில் 8–22 என்று கிடக்கும் அணியைவிட, சின்ன லீக்கில் 22–8 என்று வெல்லும் அணியோடு ஆடுவது ஆர்.பி.ஐ.க்கு நல்லது. இதை அறிந்து அட்டவணை போடும் பயிற்சியாளர்களின் அணி, உங்கள் கண்ணுக்குத் தெரிவதைவிட மேலே நிற்கும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. கான்பரன்ஸ் ஆட்டங்கள் தொடங்கிவிட்டால், உள்ளுக்குள் ஒருவர் வென்றால் இன்னொருவர் தோற்கிறார்; மொத்தச் சராசரி 0.500-ஐத் தாண்டாது. ஆகவே ஒரு கான்பரன்ஸின் பலம் ஆகஸ்ட், செப்டம்பரில் வெளியாட்களோடு ஆடும் ஆட்டங்களிலேயே முடிவாகிவிடுகிறது. செப்டம்பரில் ஒரு லீக் மொத்தமாகச் சொதப்பினால் நவம்பரில் அதன் நாலாவது, ஐந்தாவது அணிகள் என்ன செய்தும் மேலே வருவது கடினம். கணிப்பு வேலையை அக்டோபரில் தொடங்கினாலும் செப்டம்பர் முடிவுகளைத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

படி 4: மூன்று கூறாகப் பிரியுங்கள்

முதலில் ஒவ்வொரு கான்பரன்ஸிலும் இப்போது முன்னிலையில் இருக்கும் அணியை நேரடி இடத்தில் வையுங்கள். மீதி உள்ளவற்றில் ஆர்.பி.ஐ. முதல் 30-க்குள் இருப்பவற்றைத் தற்காலிகமாக ‘உறுதி’ என்று குறியுங்கள். 31 முதல் 60 வரை ‘பபிள்’, அதாவது உள்ளே வருமா வெளியே போகுமா என்று விளிம்பில் நிற்பவை. அதற்குக் கீழே இருப்பவற்றைத் தள்ளிவிடலாம். இது விதி அல்ல, வேலையைக் குறைக்கும் வழி. வித்தியாசமான கணக்கு வைத்திருக்கும் அணியைக் கண்டால் எல்லையைத் தளர்த்துங்கள்.

மீதி இடங்களைப் பபிளிலிருந்து நிரப்பிய பிறகு கூட்டிப் பார்த்து 65 வந்தால் பதற வேண்டாம். ஏதோ ஓர் அணி நேரடி இடத்திலும் ‘உறுதி’யிலும் இருமுறை ஏறியிருக்கும்.

படி 5: பபிள் அணிகளைப் பெயர் மறைத்து ஒப்பிடுங்கள்

உழைப்பு முழுவதும் இங்கேதான். அணிப் பெயர் உள்ள நெடுவரிசையை மறைத்துவிட்டு, இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிடுங்கள். புகழ்பெற்ற பெயரைப் பார்த்தால் நம்மை அறியாமல் சலுகை கொடுத்துவிடுவோம்.

இப்படி இரண்டு வரிசை வந்தால் என்ன செய்வீர்கள்? ஒன்று: ஆர்.பி.ஐ. 44, கணக்கு 19–10, முதல் 25-க்குள் ஒரு வெற்றி, 26–50-க்குள் மூன்று வெற்றி, 100-க்குக் கீழே தோல்வி இல்லை. மற்றொன்று: ஆர்.பி.ஐ. 41, கணக்கு 23–7, முதல் 50-க்குள் வெற்றியே இல்லை, 100-க்குக் கீழே மூன்று தோல்விகள். வரிசை எண்ணில் பின்தங்கினாலும் முதலாவதையே எடுங்கள். குழுவின் கையில் ஆர்.பி.ஐ.யோடு, குறிப்பிடத்தக்க வெற்றிகள், நேருக்கு நேர் முடிவு, பொது எதிரணிகளிடம் ஆடிய விதம் ஆகியவையும் இருக்கின்றன. மூன்று இட வித்தியாசத்தைவிட நான்கு நல்ல வெற்றிகள் கனம்.

வித்தியாசம் 15, 20 இடங்கள் என்று விரிந்தால் இதே துணிச்சல் கூடாது. அப்போது பெரிய வெற்றிகள் இருந்தும் வெளியே நிற்கும் அணிகள் உண்டு. இரண்டு அணிகளும் நேரடியாக மோதியிருந்து, மற்றவை சமமாக இருந்தால் அந்த முடிவை வைத்து முடித்துவிடுங்கள். காயத்தால் வெளியே இருந்த செட்டர் (அடிப்பவருக்குப் பந்தை ஏற்றித் தரும் ஆட்டக்காரர்) திரும்பிவிட்டார் என்பது போன்ற செய்திகளுக்குக் கொஞ்சமாக மட்டும் எடை போடுங்கள்.

படி 6: கடைசி வாரம்

நடுத்தர கான்பரன்ஸ் ஒன்றில் ஆர்.பி.ஐ. 20-இல் இருக்கும் அணி லீக்கை வென்றுவிட்டது, ஆனால் கான்பரன்ஸ் போட்டித்தொடரின் இறுதியில் தோற்றது என்று வையுங்கள். வென்ற அணிக்கு நேரடி இடம். தோற்ற அணி அட்-லார்ஜில் உள்ளே வரும். அதனால் பபிளில் கடைசியாக நின்ற ஓர் அணி வெளியே போகும். ஆகவே உங்கள் பட்டியலில் கடைசி நான்கு ‘உள்ளே’, முதல் நான்கு ‘வெளியே’ அணிகளை எப்போதும் வரிசைப்படுத்தியே வையுங்கள். எந்தெந்த இறுதியாட்டங்களில் இந்த ஆபத்து இருக்கிறது என்று முன்பே குறித்திருந்தால், முடிவு வந்த நிமிடமே திருத்திவிடலாம்.

படி 7: தரநிலையும் இடமும்

2022 முதல் 32 அணிகளுக்குத் தரநிலை எண் கொடுக்கிறார்கள்: நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 1 முதல் 8 வரை. மேலே உள்ள 16 அணிகள் முதல் இரண்டு சுற்றுகளைத் தங்கள் ஊரில் நடத்தலாம். ஒவ்வோர் ஊரிலும் நான்கு அணிகள்: நடத்தும் அணி, 5 முதல் 8 வரை எண் உள்ள ஓர் அணி, எண் இல்லாத இரண்டு அணிகள்.

எண் இல்லாதவற்றைப் பலத்தை மட்டும் பார்த்துப் பரப்பாதீர்கள். 400 மைலுக்குள், அதாவது ஏறக்குறைய 640 கிலோமீட்டருக்குள், சாலை வழியே போகக்கூடிய ஊர் இருந்தால் அங்கே அனுப்புவதே வழக்கம். ஒரே கான்பரன்ஸ் அணிகள் முதல் இரண்டு சுற்றுக்குள் மோதக் கூடாது. வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, சுற்றிலும் பெரிய அணிகள் இல்லாத ஊரை முதலில் நிரப்புங்கள். அங்கே விமானத்தில் யார் போவது என்பதுதான் கடைசிவரை இழுக்கும் சிக்கல்.

பட்டியல் வந்த பிறகு

நேரடி இடங்களை விட்டுவிட்டு அட்-லார்ஜ் அணிகளில் எத்தனை சரி என்று மட்டும் பாருங்கள். தவறிய அணி ஒவ்வொன்றுக்கும், அதன் இடத்தில் வந்த அணி எந்த நெடுவரிசையில் மேலே இருந்தது என்று எழுதிவையுங்கள். இரண்டு மூன்று அணிகள் ஒரே நெடுவரிசையைக் காட்டினால் அடுத்த சீசனில் அதன் எடையைக் கூட்டிக்கொள்ளலாம்.