ரயிலோசை நுழைந்த இடுக்கு

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் மேம்பாலத் தண்டவாளத்தை நோக்கிய எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், விடியற்காலை முதல் ரயிலே என்னை எழுப்பிவிடும் என்பதால், தடித்த கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பி, படுக்கையறைச் சன்னலில் 6.38 மி.மீ. அடுக்குக் கண்ணாடியைப் பொருத்தச் செய்தேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

காற்றடித்த ஒரு மாலையில் இடுக்கு எங்கே இருக்கிறது என்றறிய ஊதுபத்தியைச் சன்னல் சட்டத்தோரமாகக் கொண்டுசென்று பார்த்தேன். நகர்த்தித் திறக்கும் இரு கதவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்திலும், அலுமினியச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலும் புகை அலைந்தது. மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததானாலும் ஒலித்தடுப்பு ஏறத்தாழ 20 டெசிபலைத் தாண்டாது. நகர்த்தித் திறக்கும் சன்னலில் இடுக்கை மூட இருப்பதோ உரசிச் செல்லும் தூரிகை நார்தான் (எங்களுடையது பாதி உதிர்ந்தும் போயிருந்தது).

ஆகவே கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற சன்னல் குத்தகையாளரைக் கொண்டு, மூடும்போது ரப்பர்ப் பட்டையை அழுத்திப் பிடிக்கும் வெளிப்புறம் திறக்கும் சன்னலாக மாற்றி, விதிப்படி துருப்பிடிக்காத எஃகுத் தறையாணிகளையே பயன்படுத்தி, சட்டத்தைச் சுற்றியிருந்த வெற்றிடத்தைச் சாந்தால் நிரப்பிச் சிலிக்கோன் பூசினோம். சக்கரங்களின் கிறீச்சொலி அடங்கிவிட்டது. தாழ்ந்த உறுமல் மட்டும் இன்னும் சற்றுக் கேட்கிறது, அதற்கு இதைவிடக் கனமான தடுப்பு வேண்டும். வெக்கைக்காகத் திறந்துவைத்தால் செலவழித்ததெல்லாம் வீண் என்பதால், இரவில் குளிர்சாதனம் ஓடுகிறது. மின்கட்டணத்தைப் பற்றி மனைவி பேசத் தொடங்கியிருக்கிறார்.